ஆறு பெட்டி, ஆளுக்கு மூன்று

நரையை மறைக்கச் சாயம் பூச ஆரம்பித்துவிட்ட என் வயசுக்காரர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். டிவிக்குக் கீழே கட்டை மாதிரி நீளமாக ஒரு ஸ்பீக்கரை வைத்துவிட்டு, "இது ஒண்ணு போதும், சுத்திச் சுத்திச் சத்தம் வரும்" என்று உங்கள் பிள்ளைகள் சொல்லும்போது நீங்களும் வாயை மூடிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? திருப்பதியில் எங்கள் ஃப்ளாட்டில் என் மகன் அதை மாட்டிவிட்டு, "எப்டிம்மா கீது?" என்றான். "பரவால்லடா" என்றேன். எங்கே பரவாயில்லை! முதுகுக்குப் பின்னால் மழை பெய்யக் கேட்டவள் நான். முகத்துக்கு முன்னால் தூறுவது எனக்கு எப்படிப் போதும்? ஆனால் அவனிடம் அதைச் சொன்னால் எங்கள் வீட்டுக் கதை முழுவதையும் சொல்லவேண்டி வரும். அவனுக்குப் பொறுமை இல்லை. உங்களுக்கு இருக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் புத்தூருக்கும் நாராயணவனத்துக்கும் நடுவில். அப்பாவை எங்கள் பக்கம் நைனா என்போம். அப்பாவின் தம்பி சின்னநைனா. இரண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. நைனா நிலத்தைப் பார்த்துக்கொண்டார். சின்னநைனா திருப்பதியில் ஒரு லாட்ஜில் மேனேஜர். காலையில் புத்தூரில் ரயில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவார். அவருக்கு ஒரு மகள். எனக்கு ஒரு வயசு இளையவள், என் தங்கச்சி. நாங்கள் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். அதைப் பார்த்து யாரும் ஆச்சரியப்பட்டதில்லை.

அந்த வருஷம் முழுப்பரீட்சை லீவு விட்டதும், சின்னநைனா மெட்ராஸ் போய் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வாடகை வண்டியில் வந்து இறங்கினார். உள்ளே டிஸ்க் போடுகிற பிளேயர் ஒன்று, ஸ்பீக்கர் பெட்டிகள் ஆறு. ஊரில் அதுவரை வீடியோ கேசட் பார்த்திருந்தார்கள், சிடி பார்த்திருந்தார்கள். ஆறு பெட்டியை யாரும் பார்த்ததில்லை. தெர்மாகோலை நானும் தங்கச்சியும் பிய்த்து விளையாடி, கூடம் முழுக்க வெள்ளையாகப் பறந்து, அம்மாவிடம் திட்டு வாங்கினோம்.

சின்னநைனா கூடத்தின் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டார். மூட்டை கட்டுகிற சணல் கயிற்றின் ஒரு முனையை என்னை நாற்காலியில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மறுமுனையோடு ஒவ்வொரு சுவரிடமும் போனார். எல்லாப் பெட்டியும் நாற்காலிக்கு ஒரே தூரத்தில் இருக்க வேண்டுமாம். டிவிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, டிவிக்கு மேலே நடுவில் ஒன்று, பின்சுவரில் இரண்டு, பின்மூலையில் தரையில் பெரிய பெட்டி. மாட்டி முடித்து ரிமோட்டில் எதையோ அமுக்கினார். இடதுபக்கப் பெட்டி "ஷ்ஷ்ஷ்" என்றது. அது நின்று நடுப்பெட்டி "ஷ்ஷ்ஷ்" என்றது. அப்புறம் வலது. அப்புறம் முதுகுக்குப் பின்னால். நானும் தங்கச்சியும் அந்தச் சத்தத்தைத் துரத்திக்கொண்டு கூடத்தைச் சுற்றி ஓடினோம்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாப்பா, சினிமா பொட்டின்னு சொல்லிட்டு குக்கர வாங்கியாந்துக்கிற?"

"டெஸ்டு அண்ணி இது. ஒவ்வொரு பெட்டியும் உசுரோட கீதான்னு அதுவே கேட்டுப் பாக்குது."

"அப்படியே சோறும் ஆக்குமான்னு கேளு."

ஒரே வாரத்தில் நாங்கள் பெட்டிகளுக்குப் பேர் வைத்துவிட்டோம். படத்தில் பேசுகிறவர்கள் குரலெல்லாம் டிவிக்கு மேலிருக்கும் நடுப்பெட்டியில்தான் வரும். அது பேச்சுப் பெட்டி. இரண்டு பக்கமும் இருந்தவை பாட்டுப் பெட்டிகள். பின்சுவரில் இருந்தவற்றில் மழை, குருவி, திருவிழாக் கூட்டம், குதிரைக் குளம்பு எல்லாம் வரும். அவை மழைப் பெட்டிகள். தரையில் கிடந்த பெரியது இடிப் பெட்டி. அது வாய் திறந்தால் அலமாரியில் டம்ளர்கள் நடுங்கும். காப்பி அடித்த டிஸ்க்கில் ஆறு சத்தமும் வராது, ஒரிஜினல்தான் வேண்டும் என்று சின்னநைனா அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார். டிஸ்க்கை நாங்கள் தொடக்கூடாது. ஓரத்தை விரலால் ஏந்தி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, வாயால் ஊதி உள்ளே வைப்பார். புது டிஸ்க் அட்டையைத் திறந்தால் வரும் பிளாஸ்டிக் வாசனை இன்றைக்கும் எங்காவது அடித்தால் நான் நின்றுவிடுவேன்.

முதலில் ஒரு குறை இருந்தது. எங்கள் கூடம் உயரம், சுவர் வெறும் சுண்ணாம்பு. பேசினால் எதிரொலிக்கும். பேச்சுப் பெட்டி கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காய்ந்து மூட்டை கட்டி வீட்டுக்கு வந்தது. வழக்கமாக மாட்டுக்கொட்டகைப் பக்கம் அடுக்குவார்கள். சின்னநைனா ஆளோடு ஆளாக நின்று மூட்டைகளைக் கூடத்துக்குள் கொண்டுவந்து பின்சுவர் ஓரமாக, மழைப் பெட்டிகளுக்குக் கீழே அடுக்கவைத்தார். அன்றைக்குச் சாயங்காலம் படம் போட்டார். அடேயப்பா! எதிரொலி எங்கே போனதென்றே தெரியவில்லை. ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. சணலும் மண்ணும் காய்ந்த கடலையும் கலந்த வாசனைக்குள் உட்கார்ந்து நாங்கள் கேட்டோம்.

அந்த வருஷம் புத்தூர் வியாபாரி வந்து கேட்டபோது நைனா, "வெல ஏறட்டும் பாத்துக்கலாம்" என்று திருப்பி அனுப்பினார். இன்னொரு தடவை வந்தார். அப்போதும் அதே பதில். வேறு எந்த வருஷமும் நைனா விலைக்காகக் காத்திருந்ததில்லை என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரியும். மூட்டை போய்விட்டால் தம்பியின் சத்தம் கெட்டுவிடும். அதை அவர் வாயால் சொல்வாரா? சொன்னால் அவர் எங்கள் நைனா இல்லை.

"எனக்கு எதுக்குடா இதெல்லாம்" என்றுதான் எப்போதும் சொல்வார். நடு நாற்காலியில் உட்காரச் சொன்னால் மாட்டேன் என்பார். பின்னால் மூட்டைமேல் சாய்ந்துகொண்டு, கயிறு திரிப்பது போலவோ மல்லாட்டைக் கொட்டை உரிப்பது போலவோ ஏதாவது செய்துகொண்டிருப்பார். சின்னநைனாதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கையைப் பிடித்து இழுத்து வந்து நடுவில் உட்கார்த்தினார். "ஒரே ஒரு சீனு, பாத்துட்டுப் போண்ணா." நைனா துண்டை மடியில் போட்டுக்கொண்டு போட்டோ பிடிக்க உட்கார்ந்தவர் மாதிரி விறைப்பாக இருந்தார். படத்தில் யாரோ யாருக்காகவோ காத்திருந்தார்கள். பின்னால் மழை பிடித்தது. முதலில் சொட்டு, அப்புறம் ஓட்டின்மேல் கொட்டுகிற மழை.

நைனா துள்ளி எழுந்தார். "அய்யய்யோ, வாசல்ல கொட்ட காயுதே!" என்று தார்ப்பாயை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். தார்ப்பாயோடு வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். சின்னநைனா தரையில் உருண்டு சிரித்தார். அம்மா சிரித்தாள், சின்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைசியில் நைனாவும் சிரித்துவிட்டார். "ஒம் மழையில இடி விழ" என்று தம்பி முதுகில் ஒரு அடி வைத்தார். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாகச் சிரித்ததென்றால் எனக்கு அதுதான் ஞாபகம். அதற்கு அப்புறம் அப்படி ஒரு நாள் வரவே இல்லை, எவ்வளவு ஏங்கியும் வரவில்லை.

அந்தக் கோடையில் நிஜ மழை பெய்யவில்லை. போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டது. புது போர் போடவேண்டும். உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடந்து நீரோட்டம் பார்க்கிறவரை நைனா கூட்டி வந்தார். எங்கே தேங்காய் எழுந்து நின்றதோ அங்கே குச்சி நட்டுத் துணி கட்டினார்கள். "தேங்காய நம்பி ரிக் வண்டிய கூப்புடாதண்ணா. மெஷின் வெச்சிப் பாக்கறவங்க திருப்பதியில கீறாங்க, இட்டாறேன்" என்றார் சின்னநைனா. நைனா கேட்கவில்லை. ரிக் வண்டி வந்து நாள் முழுக்க இறக்கியது. நானும் தங்கச்சியும் ஆட்களுக்கு மோர் கொண்டுபோயிருந்தோம். குழாயிலிருந்து வெள்ளைப் புழுதிதான் வந்தது, வந்துகொண்டே இருந்தது.

சின்னநைனா, "நான் அப்பவே சொன்னேனில்ல" என்றார். அதைமட்டும் அந்த நேரத்தில் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நைனா முகமெல்லாம் புழுதியோடு திரும்பினார். ரிக் ஆட்கள், கூலியாட்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். "டப்பா வாங்கி மாட்றவனுக்கு பூமியப் பத்தி இன்னாடா தெரியும்? கம்முனு போடா."

"இத்தினி பேரு எதுருல அப்டி சொல்ட்டியா? அப்ப எம் பாகத்த பிரிச்சிக் குடுத்துடு."

"வாங்கிக்க. நாளைக்கே வாங்கிக்க."

இரண்டு பேரும் அதை மனசாரச் சொல்லவில்லை என்று அங்கே மோர்ச்சொம்போடு நின்ற எங்களுக்கே தெரிந்தது. ஆனால் ஊர் முன்னால் கேட்ட பாகத்தை வேண்டாம் என்று சொல்ல தம்பிக்கு வாய் வரவில்லை. கொடுக்கிறேன் என்றதை இல்லை என்று சொல்ல அண்ணனுக்கு மனசு வரவில்லை. வீம்பு எங்கள் வம்சத்துக்கே சொத்து, அதைமட்டும் பிரிக்காமலே ஆளுக்கு முழுசாகக் கிடைத்தது.

ஆடி பிறப்பதற்குள் முடிக்கவேண்டும் என்று, ஊரில் பாகம் பிரிக்கிற பெரியவரை வரவழைத்தார்கள். தெலுங்குக்காரர், நியாயஸ்தர், தமிழும் பேசுவார். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அண்ணன் பங்கு போடவேண்டும், தம்பி முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அண்ணன் ஓரவஞ்சனை இல்லாமல் போடுவான். நிலம் சரியாகப் பிரிந்தது, மாடுகள் பிரிந்தன. வீட்டுக்கு வந்தார்கள். கூடத்தின் நடுவில் சுவர் வைத்து முன்கட்டு ஒரு பாகம், பின்கட்டு ஒரு பாகம் என்றார் நைனா. பெரியவர் சுவரில் இருந்தவற்றை நிமிர்ந்து பார்த்து எண்ணினார்.

"ஆறு பெட்டெலு, இத்தரு அன்னதம்முலு. ஆறு பெட்டி கீது, ரெண்டு பேரு கீறீங்க. ஆளுக்கு மூணு. இதுல இன்னா தகராறு?"

பெட்டிகள் மாட்டியிருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. டிவியும் பேச்சுப் பெட்டியும் பாட்டுப் பெட்டிகளும் முன்கட்டோடு. மழைப் பெட்டிகளும் இடிப் பெட்டியும் பின்கட்டோடு. அப்போது நைனா எழுந்து போய், டிவிக்குக் கீழே இருந்த பிளேயரைத் தன் கையாலேயே கழற்றி எடுத்துவந்து பின்கட்டில் வைத்தார். "டிவி அங்க, பிளேயரு இங்க. சரியாப் போச்சு" என்றார்.

சின்னம்மாவின் முகம் செத்துவிட்டது. அவளுக்கு விஷயம் புரிந்தது. பிளேயர் இல்லாமல் முன்கட்டுப் பெட்டிகள் ஊமை. டிவியும் பேச்சுப் பெட்டியும் இல்லாமல் பின்கட்டில் படம் தெரியாது, பேச்சும் வராது. இரண்டு பக்கமும் உருப்படாமல் போகவேண்டும் என்றே நைனா இப்படி வயிற்றெரிச்சலில் பிரித்துவிட்டார் என்று அவள் பிறகு ஊரெல்லாம் சொன்னாள். ஊரும் நம்பியது. நானும் நம்பினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

"நீ எடுத்துக்கப்பா" என்றார் பெரியவர்.

எல்லோரும் சின்னநைனா பின்கட்டைத்தான் எடுப்பார் என்று நினைத்தோம். பிளேயர்தானே உயிர்! அது கையில் இருந்தால் மற்ற பெட்டிகளை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். அவர் பிளேயரைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். "எனக்கு முன்கட்டு" என்றார். நைனா தோளிலிருந்த துண்டை எடுத்து, உதறி, மறுபடி அதே தோளில் போட்டுக்கொண்டார்.

மேஸ்திரி வந்து சுவர் வைத்தார். நடு நாற்காலி இருந்த இடத்தில்தான் முதல் வரிசைக் கல் விழுந்தது. மல்லாட்டை மூட்டைகளை அந்த வாரமே வியாபாரி ஏற்றிக்கொண்டு போனார். விலை ஏறவே இல்லை.

அதற்கப்புறம் நைனா செய்தது இன்றைக்கும் எனக்கு மறக்காது. சினிமாவே பிடிக்காத மனுஷன், சின்னநைனா மறந்து விட்டுப்போன டிஸ்க்குகளில் ஒன்றைத் தினமும் விளக்கு வைத்ததும் பிளேயரில் போடுவார். டிவி கிடையாது, படம் கிடையாது, யார் பேசுவதும் கேட்காது. காலிக் கூடத்தில் மழை பெய்யும். எங்கோ கோயில் மணி அடிக்கும். ஒரு கூட்டம் யாருக்கோ கை தட்டும். திடீரென்று இடிப் பெட்டி உறுமும், யாருக்கு என்ன ஆயிற்றென்று தெரியாது. நைனா சுவர்ப் பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பார்.

"சத்தத்த கொஞ்சம் கம்மி பண்ணுங்களேன்" என்பாள் அம்மா.

"இருக்கட்டும் வுடு" என்பார்.

பள்ளிக்கூடத்தில் தங்கச்சியைப் பார்ப்பேன். பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, இருந்தாலும் நாங்கள் கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்தோம். ஒருநாள் அவளே வந்து சொன்னாள். "அக்கா, நீங்க அந்த மழய போட்டதும் எங்க நைனா டிவி சத்தத்த சுத்தமா கொறச்சிட்றாரு. அப்பால யாருகூடயும் பேச மாட்டன்றாரு." நான் வீட்டில் வந்து சொன்னேன். "பாத்தியா, நம்ம சத்தம்கூட அவங்களுக்கு ஆவல" என்று அம்மா பெருமூச்சு விட்டாள்.  மறுநாள் நைனா இன்னும் கொஞ்சம் சத்தமாக வைத்தார். அதை நாங்கள் வீம்பு என்று எடுத்துக்கொண்டோம்.

தசரா லீவில் முன்கட்டைப் பூட்டிக்கொண்டு அவர்கள் திருப்பதிக்கே குடிபோய்விட்டார்கள். தங்கச்சி டெம்போவில் பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள், ஆட்டவில்லை. நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. நைனா வயலிலிருந்து வெகுநேரம் வரவில்லை. வந்தவர் பிளேயரின் ஒயரைப் பிடுங்கிச் சுற்றி வைத்துவிட்டார். யாரும் அதை மறுபடி போடச் சொல்லவில்லை.

வருஷங்கள் போயின. கல்யாணம், காதுகுத்து என்றால் இரண்டு பேரும் வருவார்கள். "வா." "ம்." "பயணம்லாம் சௌகரியமா?" "ம்." அவ்வளவுதான். நைனாவுக்கு உடம்பு முடியாமல் போய், போய்ச் சேர்ந்தபோது சின்னநைனா வந்தார். பாடைக்கு முதல் தோள் அவர்தான் கொடுத்தார். அழவில்லை.

முதல் வருஷத் திதிக்கு எல்லோரும் ஊரில் கூடினோம். படையல் முடிந்து அம்மாவும் நானும் இலை எடுத்துக்கொண்டிருந்தபோது, அம்மா அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுத் தானாகவே சொன்னாள்.

"பாகம் பிரிச்ச அன்னிக்கே ஒங்க நைனா எங்கிட்ட சொன்னாரு. 'அவனுக்கு பேச்சும் வேணும், மழையும் வேணும். பாதிய வெச்சிக்கினு அவனால இருக்க முடியாது. பத்து நாளு பாரு, அண்ணா ஒண்ணா மாட்டிக் கேக்கலாம்னு வந்து நிப்பான். வந்தா செவுர இடிச்சிட்றேன்'னாரு. தெனம் போட்டாரே, அவனுக்குக் கேக்கட்டும்னுதான் போட்டாரு."

"ஏம்மா, அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கினாரே. அவனா வரணும்னாரு."

எடுத்த இலையைக் கீழே வைத்தேன். அப்படியே எழுந்து முன்கட்டுக்குப் போனேன். சின்னநைனா அந்தச் சுவரோரமாகத்தான் உட்கார்ந்திருந்தார், தலை முழுக்க வெள்ளை. பக்கத்தில் உட்கார்ந்து அம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். 

"நான் ஏன் முன்கட்ட எடுத்தேன் தெரியுமாம்மா?" என்றார். "பின்கட்ட எடுத்திருந்தா பிளேயரும் எனக்கே வந்திருக்கும். மிச்ச பெட்டிய வாங்கி மாட்டிக்கினு நான் ஒண்டியா கேட்டுக்கினு இருப்பேன், அண்ணன் எதுக்கு வேணும்? அவுருகிட்டயே இருக்கட்டும்னு வுட்டேன். அவுருக்கு அத்த சரியா மாட்டக்கூடத் தெரியாது. 'பேச்சே வரமாட்டேன்னுதுடா, வந்து பாரு'ன்னு ஒருநாளைக்குக் கூப்புடுவாருன்னு இருந்தேன். தெனம் சாயங்காலம் மழ சத்தம் வரும். டிவிய அமுத்திட்டுக் கேட்டுக்கினே இருப்பேன். இன்னிக்குக் கூப்புடுவாரு, இன்னிக்குக் கூப்புடுவாருன்னு."

 சாவுக்கு அழாத மனுஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன். கொஞ்சம் தேறியதும் கையை நீட்டி, சுவரில் காரை பெயர்ந்திருந்த இடத்தைத் தடவினார்.

"ஒத்தக் கல்லு செவுரும்மா இது" என்றார். "ஒரு தட்டு தட்டியிருந்தா கேட்டிருக்கும்."